ஆறாவது கேள்வி

மாங்காயை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் மனைவி சுடர்விழி தின்றுகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, வெயில் இறங்கும் நேரம். ஒரு கீற்றைத் தின்று முடிக்கும் முன்பே அவள் கை அடுத்ததற்குப் போனது. நடுநடுவே எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"என்னமோ தெரியலீங்க, வாயெல்லாம் தண்ணியா ஊறுது. புளிப்பா ஏதாச்சும் திங்கோணும்னே இருக்குது."

மாங்காய் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு மைனாவதி அக்கா இன்னும் வாசலில்தான் நின்றார். "ஏனுங் டீச்சர், புள்ளை காலேஜ் போயாச்சு. இப்பப் போயி நல்ல சேதியா?"

"சும்மா இருங்கக்கா. அவருக்கு நெசமாலுமே அந்த நெனப்பு வந்துறப் போகுது."

மூவரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணமான காரியம் அதுதான் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சுடர்விழி வால்பாறை அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நான் பொள்ளாச்சியில் கிளை நூலகர். திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறினாள் என்றால் வெள்ளிக்கிழமை மாலையில்தான் இறங்குவாள். நடுவில் மேலேயே ஓர் அறையில் இரண்டு ஆசிரியைகளோடு தங்கல். பிரச்சினை பள்ளிக்கூடமும் அல்ல, குளிரும் அல்ல. அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது.

ஆழியாறு தாண்டி முதல் வளைவில் பஸ் திரும்பும்போதே முகத்தில் ரத்தம் வற்றும். கொட்டாவி கொட்டாவியாக வரும். நெற்றி குளிர்ந்து வேர்க்கும். பிறகு வாய் நீர் சுரக்கும். அதன்பின் யாராலும் தடுக்க முடியாது. மடியில் பிளாஸ்டிக் கவர், கையில் எலுமிச்சம்பழம், எப்போதும் ஜன்னலோரம். கண்டக்டர் செல்லமுத்துவுக்கு அவளுடைய வயிறு மனப்பாடம். ஒன்பதாவது வளைவு நெருங்கும்போது, "டீச்சர், ஒம்போது வருதுங்கோ!" என்று குரல் கொடுத்துவிட்டு டிரைவரைப் பார்ப்பார். பஸ் ஊர்ந்து போகும். அவள் குனிவாள். நான் கூடப் போகும் நாட்களில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொள்வேன். நெற்றியைப் பிடித்தால் வாந்தி நின்றுவிடாது. ஆனாலும் பிடிக்கத்தான் வேண்டும். நம் ஊரில் யார் வாந்தி எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் கை தானாகவே நெற்றிக்குப் போகும்.

"பஸ்ஸுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வயித்து மேல தப்பே இல்லீங்க. காதுக்குள்ள மூணு வளையம் இருக்குது, தண்ணி ரொப்பின வளையம். பஸ் திரும்பினா அந்தத் தண்ணி ஆடும். காது சொல்லுது, நாம ஆடறோம்னு. கண்ணு முன்னாடி சீட்டைப் பாத்துட்டு, இல்லையே, சும்மாதானே உக்காந்திருக்கோம்னு சொல்லுது. ரெண்டு பேரு ரெண்டு பேச்சு பேசினா மூளை என்ன பண்ணும்? ஏதோ விஷத்தைத் தின்னுபோட்டோம், அதான் தலை சுத்துதுன்னு முடிவு கட்டி, எல்லாத்தையும் வெளிய கொட்டச் சொல்லுது. அப்படித்தான் இருக்கோணும்னு சில பேரு சொல்றாங்க."

"அப்ப உன்ற மூளை ரொம்ப உஷாரு."

"பின்னே? அரசுப் பேருந்தையே விஷம்னு கண்டுபுடிச்ச மூளைங்க இது."

ஒருவர் எடுத்தால் பஸ்ஸே எடுப்பது ஏன் என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே பானையில தின்னாங்க. ஒருத்தருக்கு ஆகலைன்னா மத்தவங்க வயித்துலயும் அதேதானே கெடக்கும்? அதனால பாத்தவுடனே நாமளும் கொட்டிரணும். வாந்திங்கிறது ஒருத்தரு உடம்பு இன்னொருத்தரு உடம்புக்குச் சொல்ற தாக்கல், ஒரு சேதி." வகுப்பிலும் இப்படித்தான் நடத்துவாள். பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டே கேட்பார்களாம்.

பிறகு வாந்தியை நிறுத்தும் சமனி வந்தது.

முதலில் அது புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்காக வந்தது. அவர்களுக்கு அது தெய்வம்தான். வாரக்கணக்கில் ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து தயிர்சாதம் தின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்து, மசக்கையில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த பெண்கள். அதற்கப்புறம் எல்லோரும். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் வைக்கிற ஒரு கறுப்பு மணி. உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதனால் ஊரில் அதற்கு உளுந்து என்றே பெயர். பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் காது குத்துகிற நேரத்தில் வைத்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடி மாதிரி அதுவும் ஒரு வசதி. அதற்கு டாக்டர் சீட்டுக்கூட வேண்டாம்.

சுடர்விழி உளுந்து வைத்துக்கொண்ட பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, காலையில் நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பஸ்ஸிலிருந்துதான் பேசினாள். குரல் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது.

"ஏனுங்க, ஒம்போதாவது வளைவுல இருந்து அணை முழுசாத் தெரியுதுங்க! தண்ணி, கரை, அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு, எல்லாம். இத்தனை வருசமா நான் குனிஞ்சே போயிருக்கேன்!"

இதைச் சொல்லாமல் உளுந்தைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. அவளுக்கு அந்த அணையைக் காட்டியது அதுதான்.

எலுமிச்சம்பழம் விற்ற அம்மாள் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்க ஆரம்பித்தார். பஸ்களின் பக்கவாட்டில் காய்ந்து கிடந்த வாந்திக் கோடுகள் மறைந்துபோயின. "இப்பத்தானுங்க மனுசன் பாக்கற வேலையாட்டம் இருக்குது," என்றார் செல்லமுத்து. இன்னொரு பக்கம், குடிக்கிறவர்கள் நிறுத்த வேண்டிய இடம் தெரியாமல் குடித்தார்கள். உடுமலைப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்றுவிட்டு, ஒருவரும் வாந்தி எடுக்காததால் மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு பேரைப் பிழைக்க வைக்க முடியவில்லை. "கருவி செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது, கெட்டது சோறு" என்றது கம்பெனி. செய்தியைப் படித்துவிட்டுச் சுடர்விழி காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எடுத்துரலாமா?" என்று கேட்டேன்.

"நான் வீட்டுச் சோறுதானேங்க திங்கறேன்," என்றாள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பள்ளி அரைநாள்; மத்தியானமே மலையிலிருந்து இறங்கும்போது அவள் பஸ்ஸில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். தூரத்தைப் பார்த்தால் குமட்டல் மட்டுப்படும் என்பதால் அடுத்த வளைவு டிரைவருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கை முன்கம்பியிலேயே இருக்கும். இப்போது தலையைக் குனிந்து, சிவப்பு மையோடு உட்கார்ந்திருந்தாள். அட்டகட்டிக்குக் கீழே காட்டுமாடு ஒன்று சாலையில் வந்து நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். மற்றவர்கள் மாட்டைப் பார்த்துக் கம்பியைப் பிடித்திருந்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில், ஜன்னல் கம்பி இடித்தது.

ரத்தம் வரவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். செல்லமுத்து விடவில்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்து, ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு அவரே அழைத்துப் போய்விட்டார். நான் போனபோது அவள் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பணியில் இருந்தவர் டாக்டர் ஃபர்ஹானா. வயது முப்பதுகூட இருக்காது. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிறகு தலையில் அடிபட்டு வருகிறவர்களைக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கையிலிருந்த டேப்லெட்டில் திறந்தார். அப்போது அதில் ஐந்து இருந்தன.

"நினைவு தப்பினீங்களா?"

"இல்லீங்க."

"வலிப்பு?"

"இல்லை."

"காதுல மூக்குல ரத்தம், தண்ணி?"

"ஒண்ணுமில்லீங்க."

"கண்ணு மங்கலா தெரியுதா?"

"உங்களை நல்லாத் தெரியுதுங்க. ராத்திரி தூங்கலையாட்டம் இருக்குது."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, முக்கியமான கேள்வி. வாந்தி எடுத்தீங்களா?"

"வாந்தியா? நான் வாந்தி எடுத்து ரெண்டு வருசமாச்சு டாக்டர்!"

டாக்டர் சிரித்தார், செல்லமுத்து சிரித்தார், நானும் சிரித்தேன். பதில் அதற்குள்ளேயே இருந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. வாய்விட்டு, பெருமையாகச் சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் அது நகைச்சுவையாகத்தான் கேட்டது. டாக்டரின் விரல் 'இல்லை' என்பதைத் தொட்டது. டேப் பச்சை நிறத்துக்கு மாறியது. பச்சை வந்தால் ஸ்கேன் தேவையில்லை.

"பயப்பட ஒண்ணுமில்ல. தலைவலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வாந்தி வந்தா மட்டும் உடனே கூட்டிட்டு வந்துடுங்க," என்றார் என்னிடம்.

அதற்கப்புறம்தான் மாங்காய்.

தின்று முடித்துவிட்டுத் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றாள். அடிபட்ட தலை, வலிக்காதா? விளக்கு வைக்கும் நேரத்தில் படுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னது நினைவிலிருந்ததால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பேசினை வைத்தேன். ரசம் கூட்டிக்கொண்டே இடையிடையே வந்து எட்டிப் பார்த்தேன். பேசின் காலியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாப்பிட எழுப்பியபோது அவள் எழவில்லை. இமையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணில் கருமணி பெரிதாக விரிந்து கிடந்தது.

கோயம்புத்தூர் போகும் வழியில், கிணத்துக்கடவு தாண்டியதும், ஆம்புலன்சில் இருந்தவர் அவள் மார்பில் கைவைத்து அழுத்த ஆரம்பித்தார். மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து கட்டியிருந்ததாம். மாலையிலேயே தெரிந்திருந்தால் சின்ன ஓட்டை போட்டு வடித்திருக்கலாம் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார். குறை சொல்லும் தொனியில் அல்ல, கேட்டேன், சொன்னார்.

அந்த நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வாந்தி எடுத்தேன். கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். யாரென்று தெரியாது. அன்று எங்கள் இருவரில் வாந்தி எடுத்தது நான்தான்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் டாக்டர் ஃபர்ஹானா வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வெகுநேரம் கேட்டருகில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன்.

"மன்னிப்புக் கேக்க வரல சார். கேக்கற தகுதி எனக்கில்ல. வேற ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேளுங்கம்மா."

"அவங்க உளுந்து வச்சிருந்தது பிரேதப் பரிசோதனை பண்ணினப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சது. மருந்துக்கடையில வைக்கிறது, எங்க பதிவுல வராது. மூளைக்கடியில முகுளம்னு ஒரு இடம் இருக்கு சார். வயித்துல விஷம் இருந்தாலும், காது கிறுகிறுத்தாலும், ரத்தத்துல மருந்து கலந்தாலும், மூளை அழுத்தம் ஏறினாலும், எல்லாச் சேதியும் கடைசியா அங்கதான் வந்து சேரும். அங்கிருந்துதான் வயித்துக்கும் நெஞ்சுக்கும் வாந்தி எடுன்னு உத்தரவு போகும். உளுந்து அந்த வாசலைப் பூட்டிடுது. சேதி எதுக்காக வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. பஸ்ஸா, ரத்தக்கசிவான்னு அது பாக்காது."

"ம்."

"உளுந்து வச்சிட்டு இன்னும் எத்தனையோ பேர் வருவாங்க. வச்சிருக்கீங்களான்னு கேட்டா பாதிப் பேர் இல்லம்பாங்க, பாதிப் பேருக்கு வச்சதே மறந்திருக்கும். வாந்தின்னு கேட்டுப் பிரயோசனமில்ல. அப்ப நான் என்ன கேட்டிருக்கணும்? அன்னிக்குச் சாயங்காலம் அவங்ககிட்ட வேற ஏதாவது... சின்னதா ஏதாவது மாற்றம் பாத்தீங்களா?"

யோசித்தேன். தலைவலியைச் சொன்னேன். கொட்டாவி வந்ததா என்றார், நினைவில்லை. வேறொன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள், மாங்காய் தின்றாள் என்றேன். வாயில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னதையும், மைனாவதி அக்கா கேலி செய்ததையும் சொன்னேன். அவருக்கு ஒரு சிரிப்பாவது வரட்டும் என்றுதான் சொன்னேன்.

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது.

"எச்சில் ஊறுச்சா?"

"ஆமாங்க. விழுங்கிட்டே இருந்தா."

"சார்... வாந்தி வர்றதுக்கு முன்னாடி வாயில தண்ணி ஊறுமில்ல? வயித்து அமிலம் மேல வரப்போகுது, பல்லை அரிச்சிடும்னு உடம்பு முன்கூட்டியே வாயை நனைச்சு வைக்கிறது அது. அந்த எச்சில் சுரப்பிக்குப் போற நரம்பு வேற. அதை உளுந்து தொடாது." சிந்திய தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தார். "குமட்டலைப் பூட்டியாச்சு. வயிறு புரள்றதைப் பூட்டியாச்சு. பூட்டாம மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். அது வழியாச் சொல்லியிருக்கு."

நான் மாங்காய்க் கீற்றுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். உப்பு போதவில்லை என்று ஒருமுறை கேட்டாள்; நான்தான் எழுந்து போய் எடுத்து வந்தேன். குமட்டல் என்றால் எப்படி இருக்கும் என்பதை இரண்டு வருடத்தில் அவள் மறந்திருந்தாள். வாயில் நீர் ஊறினால் இப்போது அது அவளுக்குப் பசிதான், ஆசைதான். இத்தனையும் வகுப்பில் நடத்தியவள். உடம்பு கடைசி முறையாகத் தாக்கல் சொன்னது. மூன்று பேர் கேட்டோம், மூன்று பேரும் சிரித்தோம்.

மைனாவதி அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டு மரம் வருடா வருடம் காய்க்கிறது. அதன்பிறகு எங்கள் வாசலுக்கு ஒரு காய்கூட அவர் கொண்டுவந்ததில்லை.

விசாரணை நடந்தது. கருவி செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது என்று கம்பெனி மறுபடியும் சொன்னது. அது பொய்யில்லை. உளுந்துப் பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். எங்கள் மகள் தேன்மொழி காதுக்குப் பின்னால் வைத்திருந்ததை, தான் படிக்கும் திருச்சியிலேயே எடுத்துவிட்டு வந்தாள். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் வாந்தி. வீட்டு வாசலில் வெளுத்த முகத்தோடு வந்து நின்றவளைப் பார்த்தபோது அவள் அம்மாவே வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருந்தது. அவள் நெற்றியில் கைவைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

டாக்டர் ஃபர்ஹானா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து நூலகத்தில் மேல்தட்டிலிருந்து ஒரு தொகுதியை எடுக்கும்போது முக்காலி சரிந்து விழுந்தேன். பின்மண்டை அலமாரியில் இடித்தது. வாசகர் இருவர் பிடித்து, அதே ஆஸ்பத்திரிக்கு, அதே வார்டுக்கு அழைத்துப் போனார்கள். புதிதாக வந்த நர்ஸ், தெற்கத்திப் பேச்சு. டேப்பைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நினைவு தப்பியதா, வலிப்பு வந்ததா, ரத்தம் வந்ததா, கண் மங்கலா, வாந்தியா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முடிந்தது என்று எழப்போனேன்.

"இரிங்க ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வாயில தண்ணி ஊறிக்கிட்டே இருக்கா? புளிப்பா ஏதாச்சும் திங்கணும்னு தோணுதா?"

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா? ஊறுதா?"

"இல்லம்மா. ஊறலை."

"தப்பா நெனைக்காதீங்க. ஆம்பளையாளுக கிட்ட இதக் கேக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துரும். மாங்கா கேள்வின்னு நாங்க பேரே வச்சிருக்கோம்."

"யாரு வச்ச கேள்விம்மா இது?"

"யாரு வச்சதுன்னு தெரியலையே. எப்பவுமே இருக்கதுதான். எல்லா ஊர்லயும் கேக்காங்களாமே." அவர் டேப்பைத் துடைத்தார். "சும்மா சொல்லக் கூடாது ஐயா. போன மாசம் ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து ஒரு காலேஜ் பிள்ளை வந்துச்சு. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. இதக் கேட்டதும், ஆமாக்கா, புளிச்சாறு குடிக்கணும் போல இருக்குன்னுது. ஓடிப்போய் ஸ்கேன் எடுத்தோம். உள்ள ரத்தம். பொழச்சுக்கிச்சு. லட்டு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாக."

சுடர்விழியின் பெயரைச் சொல்லலாமா என்று நினைத்தேன். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு லாரி டிரைவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை வால்பாறை பஸ் ஏறினேன். அவள் போன பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. செல்லமுத்து ஓய்வு பெற்றுவிட்டாராம், வேறொரு கண்டக்டர். பஸ்ஸில் யார் கையிலும் எலுமிச்சம்பழம் இல்லை. பாதிப் பேர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. பஸ் வேகம் குறையாமலே திரும்பியது.

ஒன்பதாவது வளைவில் இருந்து அணை முழுசாகத் தெரிகிறது.